கடற்கரையில் ஒரு கிளிமஞ்சாரோ

2023ஆம் வருடப் பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ ரயில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் என் வண்டி மானத்தை வாங்கியது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இங்கே அன்றுதான் அம்மனுக்குத் திருவிழா. ஊரே கோயிலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். கார்கள் நடப்பவர்களைவிட மெதுவாகப் போகும். பின் இருக்கையில் என் மனைவியும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் மடியில் பால் செம்பும் தேங்காய்த் தட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் என் பக்கத்தில் அங்கிள். ரோபோட்டில் (இங்கே சிக்னல் விளக்குக்கு அதுதான் பெயர், பன்னிரண்டு வருடமாகியும் எனக்குச் சிரிப்பு வருகிறது) நின்றிருந்தபோது இஞ்சின் ஒருமுறை விக்கியது. அப்புறம் பெட்ரோல் வாடை, பின்னால் கருப்புப் புகை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மூச்சு முட்டியவன் மாதிரி முக்கியது. ஓரம்கட்டி அணைத்தேன். போனெட்டைத் திறந்தேன், ஒன்றும் தெரியவில்லை. திரும்பச் சாவி போட்டால் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகி, எதுவுமே நடக்காதது போல நின்று ஓடுகிறது. அங்கிள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கார்பரேட்டர் இருந்திருந்தால் இந்நேரம் கோயிலுக்குள் இருந்திருப்போம், தம்பி."

சாமி கும்பிடும்போதும் அந்த வாக்கியம்தான் காதில் ஓடியது. காற்றோடு பெட்ரோலைக் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் அந்தக் கார்பரேட்டரைக் கழற்றியவன் நான். அதற்குப் பதிலாக, நானே சால்டர் வைத்த கம்ப்யூட்டர் ஒன்றை அந்தப் பழைய வண்டிக்குள் வைத்தவனும் நான்தான்.

வண்டி 1992ஆம் வருட சிட்டி கோல்ஃப், 1.6 லிட்டர். ஜெர்மனியில் முதல் தலைமுறை கோல்ஃபை 1983இல் நிறுத்திவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில், இப்போது கரியேகா என்று பெயர் மாறியிருக்கும் யூட்டன்ஹேக்கில், அதே உடம்பை சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் 1984 முதல் 2009 வரை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். அதனால் உதிரிபாகத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. என்னுடையது 2022 ஏப்ரல் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் ஒரு இரவு நின்ற வண்டி. அதனால் மலிவாகக் கிடைத்தது. இந்த வெள்ள விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு ஜெட்டும் ஒரு விக்ஸ் டப்பாவும்

வேலை விஷயமாக மாதம் ஒருமுறை நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜெர்மிஸ்டனுக்குப் போகவேண்டியிருக்கும். என்3 சாலையில் சுமார் 570 கிலோமீட்டர். கடல்மட்டத்தில் கிளம்பி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் ஒரு ஏற்றம், மூயி ரிவர் பக்கம் ஒரு ஏற்றம், கடைசியாக வான் ரீனன் கணவாயில் சுமார் 1,680 மீட்டர். அதற்குப் பிறகு ஜோகன்னஸ்பர்க் வரை இறக்கம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 82 சதவீதம்தான். காற்று மெலிந்துவிட்டது என்று கார்பரேட்டருக்குத் தெரியாது. பெட்ரோல் வரும் ஜெட்டின் ஓட்டை அதே அளவுதான். அது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். டர்பனில் ஒழுங்காக ஓடிய வண்டி மேட்டுநிலத்தில் சாப்பிட்டுத் தூங்கிய மாதிரி மந்தமாகிவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி.

அங்கிளுக்கு இது பெரிய விஷயமே இல்லை. அவர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராகவும் டர்னராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். வயது 74. அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவர்கள் வீட்டில் தமிழ் இப்போது சமையலறையிலும் பூஜையறையிலும்தான் இருக்கிறது. மற்றபடி இங்கிலீஷ்தான், அதை நான்தான் தமிழாக்கி எழுதுகிறேன். ஆனால் 'தம்பி' மட்டும் அவரே சொல்வது. எழுபதுகளில் அவர் ஒரு டாட்சன் 1200 வைத்திருந்தாராம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அக்கா வீடு. போகும்போது சட்டைப் பையில் ஒரு விக்ஸ் டப்பா, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் சின்ன ஓட்டை உள்ள இன்னொரு ஜெட். வான் ரீனன் ஏறி முடித்ததும், ஃப்ரீ ஸ்டேட் எல்லைக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தி ஜெட்டை மாற்றிவிடுவார். பத்து நிமிஷ வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம் போய் ஏன் செய்யக்கூடாது என்று நான் ஒருமுறை கேட்டேன். அந்த மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1891இலேயே சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். எண்பதுகளின் நடுவில்தான் அது போனது. கடந்து போகலாம், தங்கக்கூடாது. "அங்கே போய் போனெட்டைத் திறந்துவைத்து நிற்பானேன்?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு விக்ஸ் டப்பா வேண்டாம். வண்டியே காற்றைப் பார்த்துப் பெட்ரோலை முடிவுசெய்ய வேண்டும். பணம் கொடுத்தால் அதற்கு எத்தனையோ பெட்டிகள் கிடைக்கும். ஆனால் அவை மூடிய பெட்டிகள். நான் பிழைப்புக்குச் செய்வது ஆலைகளில் அளவுக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. மூடிய பெட்டி என்றாலே எனக்குக் கை அரிக்கும். அமெரிக்காவில் புரூஸ் பவ்லிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு பேர் 2001 வாக்கில் 'மெகாஸ்கர்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சர்க்யூட் படத்தை எல்லோருக்கும் காட்டி, பாகங்களைப் பையில் போட்டு விற்று, நீயே சால்டர் வைத்துக்கொள் என்று சொன்ன இஞ்சின் கம்ப்யூட்டர். அதன் இரண்டாம் தலைமுறையைத்தான் வாங்கினேன்.

பெட்டி

சால்டர் வைத்ததைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. லோட் ஷெட்டிங் காலம் அது. கரண்ட் எப்போது போகும் என்று போனில் அட்டவணை வரும். அதைப் பார்த்துத்தான் சால்டரிங் ஐயனைச் சூடாக்குவேன். ஒரு பக்க ரெசிஸ்டர்கள் ஒரு இரவு, மறு பக்கம் இன்னொரு இரவு. கூடவே ஒரு சோதனைப் பலகை வருகிறது. அதில் உள்ள குமிழ்களைத் திருகினால் பெட்டிக்கு இஞ்சின் ஓடுவதாகத் தோன்றும். சாப்பாட்டு மேஜையில் 3,000 ஆர்பிஎம்மில் இல்லாத இஞ்சினை ஓட்டி, அதன் தண்ணீரைச் சூடாக்கி, பெட்ரோலைப் பீச்சும் இஞ்செக்டருக்குப் பதில் மினுக்கிடும் சிவப்பு விளக்குகளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, இதைத் துடைத்து எடுத்தால் தட்டு வைக்கலாம் என்றாள்.

இஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டும் இஞ்செக்டர்களும் ஸ்க்ராப் யார்டில் பிற்கால சிட்டி கோல்ஃப் ஒன்றிலிருந்து கிடைத்தன. கார்பரேட்டர் பம்ப்பின் அழுத்தம் இஞ்செக்டருக்கு எந்த மூலைக்கும் காணாது. 3 பார் வேண்டும். அதற்கு வேறு பம்ப்பு, டேங்குக்குத் திரும்பிப் போக ஒரு குழாய். இஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிய ஒரு பல்சக்கரம். முப்பத்தாறு பல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றை வெட்டி எடுத்திருப்பார்கள். பல்லுக்குப் பத்து டிகிரி. அந்த ஓட்டைப் பல் கடக்கும்போது பெட்டி தன் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். கிராங்க் புல்லியின் மேல் இதை உட்காரவைக்க லேத் வேலை தேவைப்பட்டது. வேறு யாரிடம் போவது? அங்கிள் டயல் கேஜ் வைத்து மூன்று தடவை பார்த்தார். சக்கரம் முடியளவு ஆடுகிறது என்று கழற்றி மறுபடி கடைந்தார். "இந்தப் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. சக்கரம் ஆடினால் அது அதைவிடப் பிடிக்காது."

முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது இன்டேக் வழியாக 'டொப்'பென்று வெடித்து, தெருநாய் ஒன்று ஓடியது. சிலிண்டர் 1-4, 2-3 என்று ஜோடியாகப் போகவேண்டிய, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலின் வயர்களை மாற்றிக் கொடுத்திருந்தேன். மாற்றியதும் பிடித்துக்கொண்டது. அப்புறம் ஆரம்பித்ததுதான் உண்மையான வேலை. லேப்டாப்பில் கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை. குறுக்கே ஆர்பிஎம், நெடுக்கே மேனிஃபோல்ட் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். அந்த வேகத்தில், அந்த அழுத்தத்தில் சிலிண்டர் எவ்வளவு நிறைகிறது என்று நாம் சொல்லவேண்டும். அழுத்தம், காற்றின் சூடு, இந்த எண், மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் காற்றின் எடை வரும், அதிலிருந்து பெட்ரோல். சைலன்சர் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று பொருத்தி, கலவை எப்படிப் போகிறது என்று டாஷ்போர்டில் பார்ப்பேன். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்றால் சரியாக எரிகிறது. அதைவிடக் குறைந்தால் பெட்ரோல் அதிகம். அந்த சென்சாரைப் பார்த்து தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியும் பெட்டியில் உண்டு. அட்டவணை படியும்வரை வேண்டாம் என்று அணைத்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதிகாலைகளில் காலியான என்2வில் மனைவி ஓட்ட, நான் மடியில் லேப்டாப்போடு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். இந்தப் பத்தியை நான் சுருக்கமாக எழுதிவிட்டேன். அது இரண்டு மாதம்.

எண் பூஜ்யத்துக்குத் திரும்பிய இடம்

பெரிய வெள்ளிக்குப் பிறகு அதே கோளாறு இன்னும் மூன்று முறை வந்தது. எப்போதும் ஒரே மாதிரி: விக்கல், வாடை, புகை. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி. சோதிக்கலாம் என்று நிறுத்தினால் நோயே இல்லை. அங்கிள் முதலில் பெட்ரோல் பம்ப் என்றார், அடுத்து பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்கள் என்றார், கடைசியில் எப்போதும் போல ஜெட்டுக்கு வந்தார். நான் இஞ்செக்டர்களைக் கழற்றிக் கழுவினேன். அட்டவணையில் ஐட்லிங் பக்கத்து எண்களைக் குறைத்தேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நேரமும் கெட்டதுதான் மிச்சம்.

பெட்டி ஓடும்போது லேப்டாப் எல்லாவற்றையும் பதிவு செய்யும். நான் பதிவில் கலவையையும் ஆர்பிஎம்மையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரியில் நாற்பது சதவீதம். வேறு வேலை இல்லாததால் மேலிருந்து கீழாக ஓடும் எல்லா எண் நிரல்களையும் வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன். முதல் நிரல், பெட்டி விழித்ததிலிருந்து எத்தனை வினாடி என்பது. யாரும் படிக்காத நிரல். 1140, 1141, 1142 என்று போய்க்கொண்டிருந்தது. அடுத்தது 0. அப்புறம் 1, 2, 3. நான் சாவியைத் தொடவேயில்லை, வண்டி ரோபோட்டில் ஓடிக்கொண்டுதான் நின்றது. அந்த இடத்தில் பெட்டி ஒரு கண நேரம் செத்துப் பிழைத்திருக்கிறது. விக்கல் அதுதான். சரி, பிழைத்த பிறகு ஏன் புகைகிறது? நிரல்களை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனேன். வெளிக் காற்றழுத்தம் என்று ஒரு நிரல். அதுவரை 101 கிலோ பாஸ்கல், கடல்மட்டத்தின் அழுத்தம். பூஜ்யத்துக்குப் பிறகு 40.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இந்தப் பெட்டிக்கு இருப்பது ஒரே ஒரு அழுத்த சென்சார். அது மேனிஃபோல்டோடு குழாய் போட்டு இணைத்தது. சாவி போட்டதும், இஞ்சின் சுற்றுவதற்கு முன்பு, மேனிஃபோல்டுக்குள் இருப்பது வெளிக் காற்றேதான். அந்த ஒரு கணத்தில் படித்துக்கொண்டு, 'இன்று நாம் இருக்கும் இடத்தின் காற்றழுத்தம் இது' என்று பெட்டி மனதில் வைத்துக்கொள்ளும். மறுபடி சாவி அணையும்வரை அந்தக் கேள்வியைக் கேட்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது செத்துப் பிழைத்தால்? மேனிஃபோல்டுக்குள் அப்போது இருப்பது ஐட்லிங்கின் உறிஞ்சல், 40 கிலோ பாஸ்கல். அதை வெளிக் காற்று என்று நம்பிவிட்டது. 40 கிலோ பாஸ்கல் என்றால் 7,000 மீட்டருக்கு மேல். கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர்தான். மாரியம்மன் கோயில் நெரிசலில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், என் வண்டி ஆப்பிரிக்காவின் உச்சியையும் தாண்டி ஆயிரம் மீட்டர் மேலே நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

உயரத்தில் பெட்ரோல் குறையத்தானே வேண்டும், ஏன் கூடியது என்று கேட்கலாம். நானும் குழம்பினேன். மேனிஃபோல்ட் அழுத்தம் குறைவதால் வரும் குறைப்பைப் பெட்டி ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிடுகிறது. இது அதன்மேல் இன்னொரு சின்னத் திருத்தம். வெளியே காற்று மெலிந்திருந்தால் எரிந்த புகை சிலிண்டரை விட்டுச் சுலபமாக வெளியேறும், அந்த இடத்தில் அதே மேனிஃபோல்ட் அழுத்தத்திலும் கொஞ்சம் கூடுதலாகப் புதுக் காற்று நுழையும். அதற்காக பெட்ரோலைச் சற்றுக் கூட்டும். சூத்திரம் இவ்வளவுதான்: 147இலிருந்து காற்றழுத்தத்தின் 0.47 மடங்கைக் கழி. 100 கிலோ பாஸ்கலுக்கு 100 சதவீதம். 40க்குப் போட்டுப் பாருங்கள், 128 சதவீதம். 14.7ஐ 1.28ஆல் வகுத்தால் 11.5. அந்தப் பதிவில் கலவை எண் 11.5 பக்கத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக நான் சந்தேகப்பட்ட பெட்டி, தனக்குக் கொடுத்த எண்ணுக்கு மிகச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறது.

(இதை அங்கிளிடம் விளக்கியபோது அவர் என்னைத்தான் காட்டினார். நான் 2011இல் கோவில்பட்டியிலிருந்து கிளம்பியவன். இன்றும் எதை வாங்கினாலும் ஊர் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், அதுவும் 2011இன் ஊர் விலையோடு. "உன் சாவியையும் ஒருதடவை அணைத்துப் போடவேண்டும்" என்றார். அவர்கள் வீட்டில் பாட்டனார் காலத்துத் தெம்மாங்கு மாதிரி ஒரு பாட்டை அம்மனுக்குப் பாடுவார்கள், எங்கள் ஊரில் அதை இப்போது யாரும் பாடுவதில்லை. பதிலுக்கு அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.)

ஏன் சாகிறது என்பதுதான் மீதி. கோளாறு பதிவான மூன்று தடவையும் தண்ணீரின் சூட்டைப் பார்த்தேன்: 96, 95, 96. அந்தச் சூட்டில் என்ன நடக்கும்? ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும். அது பழைய வயரிங், ரேடியேட்டரிலேயே இருக்கும் சுவிட்ச். என் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்தேன். சம்பந்தம் எர்த்தில் இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே கைக்கு எட்டிய ஒரு பாடி போல்ட்டில் பெட்டியின் எர்த்தை முடுக்கியிருந்தேன். ஃபேனின் கரண்டும் அதே பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை அந்த போல்ட்டிலும் வைத்து, வண்டியைச் சூடேறவிட்டுக் காத்திருந்தேன். ஃபேன் கிளம்பியது. 1.7 வோல்ட். இரண்டும் ஒரே எர்த்தாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டிய எண். அதுவும் ஃபேன் ஓடி நிதானப்பட்ட பிறகு. கிளம்புகிற கணத்தில் இழுக்கும் கரண்ட் பல மடங்கு, அதை மீட்டரின் கண் பிடிக்காது, பெட்டி பிடித்துவிடும்.

பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கேபிளின் முனையில் ரப்பரை உரித்துப் பார்த்தேன். உள்ளே செம்புக்குப் பதில் மயில்துத்தம் மாதிரி நீலப் பொடி. நான்கைந்து இழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீர். ஆலையில் எந்தப் பையனாவது இந்த மாதிரி எர்த் எடுத்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும், நல்லவேளை என்னோடு வேலை செய்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. கனமான புதுக் கேபிள் போட்டேன். பெட்டியின் எர்த் எல்லாவற்றையும் சேர்த்து இஞ்சின் தலையில் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுபோனேன். வெளிக் காற்றழுத்தம் 75க்குக் கீழே வந்தால் நம்பாதே என்று மென்பொருளில் ஒரு வரம்பும் வைத்தேன். அந்த வரம்பு வைக்கும் இடம் ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு விக்கல் இல்லை.

மேலே

ஜூன் மாதம் லெனேசியாவில் அங்கிளின் அக்கா பேத்திக்குக் கல்யாணம். எனக்கும் ஜெர்மிஸ்டனில் வேலை. இந்தப் பெட்டி வண்டியிலா என்று ஆன்ட்டி யோசித்துவிட்டு மகனோடு வேறு காரில் போய்விட்டார். அங்கிள் என்னோடு வந்தார். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். ஃபிளாஸ்க்கில் டீ இருந்ததால் எங்கும் நிற்கவில்லை. இஞ்சின் நாள் முழுக்கச் சொன்னபடி கேட்கும் என்று எனக்குக் கொஞ்சம் இறுமாப்பே வந்துவிட்டது. அங்கிள் கலவை எண்ணைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார். அது என்ன, எது நல்லது என்று கிளம்பும்போதே கேட்டு வைத்துக்கொண்டார். எஸ்ட்கோர்ட் தாண்டினோம், 15.2. லாரிகளுக்குப் பின்னால் வான் ரீனன் ஏறி முடித்து வண்டி சமமாக ஓட ஆரம்பித்தபோது 15.8.

"தம்பி, 14.7 என்று சொன்னாயே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டர்பனில் சாவி போட்டபோது படித்த 101ஐயே பெட்டி இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே வெளிக் காற்று 83. அதே சூத்திரத்தில் போட்டால் 8 சதவீதம் கூட்டியிருக்கவேண்டும். கூட்டவில்லை, ஏனென்றால் நடுவில் யாரும் அதை அணைக்கவில்லை. இந்தத் தடவை எந்தக் கோளாறும் இல்லை, எல்லாம் அமைத்தபடியே வேலை செய்கிறது. வெளிக் காற்றுக்கென்று இரண்டாவது சென்சார் வைத்தால் இந்தப் பிரச்சினை கிடையாது. நான் வைக்கவில்லை.

ஹாரிஸ்மித் பங்க்கில் நிறுத்தினேன். சாவியை அணைத்து, ஐந்து வரை எண்ணி, போட்டேன். லேப்டாப்பில் 83. சாலையில் ஏறினால் 14.7க்கு வந்துவிடும் என்றேன். என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே எங்கே போய் முடியப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"அப்போ நீயும் மலை ஏறினால் நிறுத்தித்தான் ஆகவேண்டும்."

"ஒரு நிமிஷம்தான், அங்கிள். உங்களுக்குப் பத்து."

"இடம்தான் முப்பது கிலோமீட்டர் தள்ளி" என்றார். கதவைத் திறந்து இறங்கி, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, பங்க்கின் வாசலில் போட்டிருந்த நாற்காலி ஒன்றை இழுத்து வெயிலில் போட்டு உட்கார்ந்தார். ஃபிளாஸ்க்கை எடுத்துவரச் சொன்னார். அவசரமில்லை, கல்யாணம் நாளைக்குத்தான் என்றார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாவது சென்சாரை அடுத்த வாரமே வாங்கிவிட்டேன். விலை அதிகமில்லை, மூன்று வயர்தான். மேஜை டிராயரில் அவர் கொடுத்த விக்ஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் உறை பிரிக்காமல் கிடக்கிறது.